கரட் வில்லையில் சுழன்ற இசைத்தட்டு

மாதா கோயில் நிலவறையில் வரிசையில் நின்று, யாரோ போட்டுக் கழித்த குளிர்கோட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கை நீளமென்றால் மடித்துவிட்டோம். பொத்தான் இல்லையென்றால் ஊசி குத்தினோம். இப்போது கூடும் இடங்களில் அதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறோம். எனக்கு அன்றைக்குக் கோட்டோடு ஒரு கிற்றாரும் கிடைத்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மேசைக்குக் கீழே கிடந்தது அது. வயிற்றில் நீளமாக ஒரு கீறல். ஆறு தந்தி இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்ட வெள்ளைக்கார அம்மா எடுத்து நீட்டினார். வேண்டாமென்றால் கோட்டையும் திருப்பிக் கேட்பாரோ என்று பயந்து தலையாட்டினேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எதற்கும் பயம். இன்றைக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு படியிறங்கினால், பாதியில் திரும்பிப்போய் அடுப்பை ஒருதரம் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு எழுத்து எதற்கு என்று உங்களில் யாராவது கேட்பீர்களோ என்று இதை எழுதும்போதும் நெஞ்சு பதைக்கிறது. கேட்பதென்றால் கேளுங்கள். நான் எழுதிக்கொண்டே பதைக்கிறேன்.

அதே அம்மா அண்ணையின் கையில் ஒரு றெக்கோட் பெட்டியையும் கொடுத்தார். சூட்கேஸ் போல மூடித் தூக்கலாம். திறந்தால் உள்ளே தட்டு சுழலும் மேடை, ஊசிக்கை, முன்பக்கம் ஒரு சின்ன ஒலிபெருக்கி. குமிழொன்று உடைந்து, அந்த இடத்தில் ஓர் இரும்புக் குச்சி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அது வேகத்தை மாற்றும் குமிழ் என்று எங்களுக்குத் தெரியாது. றெக்கோட்டுக்கு வேகம் என்று ஒன்று உண்டு என்பதே எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஊரில் கோயில் ஒலிபெருக்கிக்காரன் வைத்திருந்ததைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி.

அப்போது நாங்கள் பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் கோட் டி நெஜ் பகுதியில், ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா இன்னும் வந்து சேரவில்லை. அம்மா டவுன்டவுனில் அலுவலகங்கள் துடைத்தாள். அண்ணைக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவப் போவான். நான் பின்னேரங்களில் தனியே கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பேன்.

யூலை முதலாம் திகதி இந்த நகரமே வீடு மாறும். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரு முழுக்கக் கட்டில், மெத்தை, கண்ணாடி. அன்றைக்கு உடுப்புத் தோய்க்க நிலவறைக்குப் போனபோதுதான் அந்த அட்டைப்பெட்டியைக் கண்டேன். தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், சவர்க்காரத்தூள் மணத்துக்கு நடுவில் இருந்தது. உள்ளே கையகலத்துக்குச் சின்னச் சின்ன இசைத்தட்டுகள். மேல் அட்டையில் தடித்த எழுத்தில் பிரெஞ்சில் ஒரு சொல். எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. 'தொடாதே' என்றுதான் இருக்குமென்று முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டு, பெட்டியைத் தூக்கி ஈரத்துணிக்குக் கீழே மறைத்துக்கொண்டு மேலே ஓடினேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். பயந்தவர்கள் திருடமாட்டார்கள் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது.

பெட்டி கட்டிலுக்கடியில் போனது. எழுத்திருந்த அட்டையைக் கிழித்து, ஆதாரம் ஒருவர் கண்ணிலும் படக்கூடாதென்று என் உலகப்படப் புத்தகத்துக்குள் செருகினேன். பொலிஸ் வரும், அகதி வழக்கைத் தள்ளிவிடுவார்கள், மூன்று பேரையும் ஒரே விமானத்தில் ஏற்றுவார்கள். இவ்வளவையும் அன்று பின்னேரத்துக்குள்ளேயே யோசித்து முடித்துவிட்டேன்.

தட்டுகளின் நடுவில் இருந்த ஓட்டை பெரிது. எங்கள் பெட்டியின் நடுக்குச்சியோ பென்சில் தடிப்புத்தான். வைத்தால் தட்டு அலைந்தது. சமையலறையில் அம்மா கறிக்கு வைத்திருந்த கரட் ஒன்றை எடுத்து, தடித்த பக்கத்தில் வில்லையாக வெட்டி, நடுவில் பென்சிலால் துளைத்து ஓட்டைக்குள் அழுத்தினேன். அச்சொட்டாகப் பொருந்தியது.

ஒன்றிலும் பாட்டு இல்லை. ஒரு தட்டில்கூட யாரும் வாய் திறக்கவில்லை. கிற்றார் மட்டும். பின்னால் மேளம், அதற்கும் அடியில் இன்னொரு தடித்த தந்தி. ஒவ்வொரு நாதமும் ஆழக் கிணற்றுக்குள் கல் போட்டதுபோல விழுந்து, விழுந்த இடத்திலிருந்து அலையலையாக எழும்பி வந்தது. பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வகுப்பில் நாள் முழுக்கச் சொற்கள் என்னைத் துரத்தும். ரீச்சர் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தத் தட்டுகளில் எனக்கு விளங்காதது என்று எதுவுமே இருக்கவில்லை. அதைக் கண்டுபிடித்த பின்னேரம், வந்த நாளிலிருந்து முதல் தடவையாக நான் கதவுப் பூட்டை இரண்டாம் முறை போய்ப் பார்க்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது நீலநிறச் சிட்டை ஒட்டிய தட்டு. அதன் உறையில் ஒரே மாதிரிக் கோட்டுப் போட்ட நான்கு வெள்ளைக்கார இளைஞர்கள். நடுவில் நின்றவனுக்கு நெற்றியில் புரளும் சுருட்டை முடி. சிரித்த வாயில் முன்பல் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. கையில் கிற்றார்.

ஒருநாள் அம்மா வழக்கத்தைவிட முந்தி வந்துவிட்டாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள்.

"எடி பிள்ளை, இது வீணையெல்லே!"

நான் உறையைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

"எங்கால வந்தது?"

"பெட்டியோட... றெக்கோட் பெட்டியோட இருந்ததம்மா."

"ஆரோ எங்கட சனம் குடுத்திருக்கு. கேள் கேள், அந்தக் கமகத்தைக் கேள்! மிருதங்கக்காரனுக்குத்தான் காய்ச்சல்போல. இழுத்து இழுத்து அடிக்கிறான்."

கமகம் வந்த கதை இதுதான். கரட் மூன்றாம் நாளில் காய்ந்து சுருங்கும். சுருங்கினால் தட்டு நடுவை விட்டு விலகிச் சுற்றும். அப்போது நாதம் மேலே ஏறிக் கீழே இறங்கி நெளியும். போதாக்குறைக்கு, உடைந்த குமிழ் குறைந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. இவ்வளவும் சேர்ந்து, அதற்கும் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னர் பையன்கள் குதித்துக் குதித்து வாசித்த ஒரு ரொக் அன் ரோல் எங்கள் வீட்டில் வீணைக் கச்சேரியாகிவிட்டது.

அம்மாவுக்கு வீணை என்றால் உயிர். பெரியம்மா முன்னறையில் வீணை படிக்க, அம்மா பின்னறையில் மிளகாய் காம்பு நுள்ளிக்கொண்டு கேட்டவள். ஒருவருக்குத்தான் படிப்பிக்க முடியும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். "நீ இதைக் கேட்டுக் கேட்டு அந்தக் கிற்றாரில பழகு. வீணை கிடைக்குமட்டும் கை சும்மா இருக்கக்கூடாது," என்றாள். உறையைக் காட்டி உண்மையைச் சொன்னால், பெட்டி எங்கே எடுத்தது என்ற கேள்வி வரும். நான் கிற்றாரை எடுத்து மடியில் வைத்தேன்.

பழகினேன். ஆனால் தட்டின் நாதம் என் கிற்றாரின் கடைசித் தந்தியைவிடக் கீழே போனது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, திருகுகளைத் தளர்த்தித் தந்திகளை இறக்குவதுதான். இறக்கிக்கொண்டே போனேன், உடுப்புக் காயும் கொடிபோலத் தந்தி தொய்யும்வரை. தொய்ந்த தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுத்தால் அந்த நெளிவும் வந்தது. கரட் செய்ததையெல்லாம் என் விரல் செய்தது. ஓகஸ்ட் முடியமுதல் அந்த நீலத்தட்டில் நான் பழகாத ஒரு நாதம் மிச்சமில்லை.

அந்த நாட்களில்தான் சப்பாத்துகள் வந்தன.

எங்கள் கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. பின்னேரம் நாலு மணிக்கு அங்கே ஒரு சோடி மண்ணிறச் சப்பாத்து வந்து நிற்கும். தட்டாது. கூப்பிடாது. இசைத்தட்டு முடிந்ததும் போய்விடும். அவை கட்டடத்தைப் பார்க்கும் கொன்சியேர்ஜின் சப்பாத்துகள். இடுப்பில் திறப்புக்கொத்து தொங்கும் மொட்டை மனிதர். யாரோடும் சிரிக்கமாட்டார். பெட்டி எடுத்தது இவருக்குத் தெரிந்துவிட்டது, சமயம் பார்க்கிறார் என்று நான் நடுங்கினேன். பொறுக்கமுடியாமல் ஒருநாள் சப்பாத்தைப் பற்றி மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "தனிய இருக்கிற பொம்பிளைப்பிள்ளையின்ர வாசலில அவனுக்கு என்ன வேலை? குடிகாரன். கண்ணைப் பார்த்தாலே தெரியுது." அன்றிலிருந்து கதவுக்குப் பின்னால் கதிரை, கதிரைமேல் அரிசி மூட்டை. படியில் அவரைக் கண்டால் அம்மா முந்தானையை இழுத்துக்கொண்டு மறுபக்கம் பார்ப்பாள். அவர் ஒவ்வொரு முறையும் "பொன்ஜூர்" என்று வணக்கம் சொல்லி ஒதுங்கி வழிவிடுவார். அந்த வழிவிடல் இப்போதுதான் என் கண்ணில் தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

சரஸ்வதி பூசை வந்தது. நாள் தப்பினாலும் சனிக்கிழமை தப்பாத பூசை. எல்லாவற்றையும் நடத்தியவர், புரோசார்ட் பகுதியில் வீடு இருந்ததால் நாங்கள் புரோசார்ட் மாமி என்று கூப்பிட்டவர். சென்னைக்காரர், கணவர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், இந்த ஊரிலேயே உண்மையான வீணை அவர் வீட்டில்தான் இருந்தது. நல்ல மனுசி. ஆனால் எங்கள் அம்மாவைக் கண்டால் "கடலை அவிக்க நீங்க வந்துடுங்கோ" என்பதற்கு அப்பால் பேச அவருக்கு ஒன்றும் அகப்பட்டதில்லை. அந்த வருடமும் ரெலிபோனில் அதையேதான் சொன்னார். அம்மா கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் மாமி, கடலைக்கு வாறன். இன்னொண்டு. என்ர மகள் வீணை வாசிப்பாள்."

அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்.

"ஓம் ஓம். றெக்கோட் கேட்டுப் பழகினவள். எழுதுங்கோ."

எழுதிவிட்டார்கள். நிகழ்ச்சித்தாளில் ஏழாவதாக 'வீணை இசை'. அம்மா அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். அது வீணை இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அம்மா ஊரை விட்டு வந்தபின் சமையலறைக்கு வெளியே கேட்ட முதல் இடம் அது. அதை நான்தான் உடைக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். அந்தக் கிழமை நான் சாப்பிட்டதெல்லாம் வெறும் பாண்.

பூசை நடந்தது பக்கத்துத் தெருவில் ஒரு மாதா கோயிலின் நிலவறை மண்டபத்தில். அந்த மண்டபத்தையும் பார்ப்பவர் எங்கள் கொன்சியேர்ஜ்தான். உள்ளே நெருப்பு வைக்கக்கூடாதாம். கற்பூரம் கொளுத்துவதென்றால் அவர் ஒரு வாளி தண்ணீரோடு பக்கத்தில் நிற்கவேண்டும் என்று பேசி ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆகவே சரஸ்வதி படத்துக்கு வலப்பக்கம் மாலை, இடப்பக்கம் குத்துவிளக்கு, அதற்குப் பக்கத்தில் மண்ணிறச் சப்பாத்தோடும் நீல வாளியோடும் அவர். "காவல் தெய்வம் வந்து நிக்கிறார்," என்றான் அண்ணை. அம்மா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கிற்றாரை மடியில் சாய்த்துச் சம்மணம் கட்டி உட்கார்ந்தேன். மாமி ஒலிவாங்கியோடு குனிந்தார்.

"வீணைன்னு எழுதியிருக்கு. வீணை எங்கேம்மா?"

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல்: "வீணைக்கு இடுப்பு வைச்சுவிட்டது ஆரப்பா?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. சமையலறை வாசலில் அம்மா கடலைக் கரண்டியோடு நின்றாள். அவள் சிரிக்கவும் இல்லை, தலை குனியவும் இல்லை. என்னையே பார்த்தாள்.

வாசித்தேன். எனக்குத் தெரிந்த மாதிரியே, கிணற்றில் கல் விழுகிற மாதிரி. முதல் வரி முடிய முன்னரே சிரிப்பு நின்றுவிட்டது. தொய்ந்த தந்தியை இழுத்து நெளித்தபோது யாரோ 'ச்சா' என்றார்கள். மாமி கண்ணை மூடி, ஒலிவாங்கி கையில் இருப்பதை மறந்து, "சுத்த தன்யாசி," என்று ராகத்தின் பெயரை முணுமுணுத்தது மண்டபம் முழுக்கக் கேட்டது. இப்படியே முடித்துவிட்டால் தப்பிவிடலாம். இன்னும் இரண்டு வரிதான்.

"ப்ளூ வீட்!"

இடப்பக்கத்திலிருந்து வந்தது சத்தம். இன்னும் வேகமாக என்று அர்த்தம். கொன்சியேர்ஜ் வாளியைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் நின்றார். முகம் சிவந்திருந்தது. "ப்ளூ வீட், ப்ளூ வீட்!" வாளியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் அறைந்தார். தண்ணீர் தெறித்தது. டக்கு டக்கு டக்கு டக்கு என்று ஒரு வேகம். நான் கனவிலும் கேட்டிராத வேகம்.

"உவனை ஆராவது பிடியுங்கோ!" என்று அம்மா கத்தினாள்.

பயந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஓடத் தெரியும். நான் விரல்களால் ஓடினேன். முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்கி, அந்த வாளிக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். தொய்ந்த தந்திகள் மெட்டுகளில் மோதி உறுமின. எனக்குத் தெரிந்த ஒவ்வொரு நாதமும் இருந்தது. ஆனால் அவை இப்போது கிணற்றுக்குள் விழவில்லை, கிணற்றிலிருந்து பாய்ந்து வெளியே வந்தன. இரண்டாம் வரியில் பிள்ளைகள் எழுந்து குதித்தார்கள். அண்ணை இரண்டு சாப்பாட்டுத் தட்டங்களை எடுத்து அடித்தான். வீணைக்கு இடுப்பு வைத்த பெண்ணின் தோள் ஆடியதை நான் என் கண்ணால் கண்டேன். கடைசித் தந்தியை இழுத்து விட்டபோது அது அறுந்து, சுருண்டு, என் காதருகில் பாடிக்கொண்டே போனது.

கைதட்டல் நிற்கவில்லை. கொன்சியேர்ஜ் நனைந்த கையைத் துடைத்துக்கொண்டு அண்ணையிடம் வேகமாக ஏதோ சொன்னார். தன் நெஞ்சைத் தொட்டார். அண்ணைக்கு வாய் பிளந்தது.

"அம்மா, அந்த றெக்கோட்டில வாசிச்சது தானாம்."

"ஆர்?"

"இவர்தான். இருபத்தைஞ்சு வருசத்துக்கு முன்னம். தாங்கள் நாலு பெடியள் சேர்ந்து போட்ட ஒரேயொரு றெக்கோட்டாம். வாசலில வந்து நிண்டது அதுக்குத்தானாம். தட்டினால் நிப்பாட்டிப் போடுவியள் எண்டு பயந்தவராம்."

அவர் சிரித்தார். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. உறையில் கண்ட சுருட்டை முடியை மட்டும் மனதால் ஒட்டிவிட்டுப் பார்த்தேன்.

மாமி ஒலிவாங்கியை வாயருகில் கொண்டுபோனார். "அப்போ இது வீணை இல்லையா?"

அம்மா கரண்டியோடு மண்டபத்துக்கு நடுவால் நடந்து வந்தாள். வழியில் கொன்சியேர்ஜுக்கு முன்னால் நின்றாள். "பொன்ஜூர்," என்றாள். அந்த வீட்டுக்கு வந்து அவருக்கு அவள் சொன்ன முதல் சொல். பிறகு மாமியிடம் கைநீட்டி ஒலிவாங்கியை வாங்கினாள்.

"வீணை இல்லை. கிற்றார். என்ர மகள் கிற்றார் வாசிக்கிறாள்." கரண்டியால் என்னைக் காட்டினாள். "ஒரு தந்தி அறுந்துபோச்சு. நாலு இருக்கு. இன்னொருக்கா வாசிப்பாள்."

மாமி முன்வரிசையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ராகம் சுத்தமா இருந்தது. தாளம்தான் பேய் மாதிரி ஓடித்து. ம், வாசி, வாசி." அன்று கடலையை மாமிதான் பரிமாறினார். அம்மா என் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்தை விட்டதும், சபனெல் தெருவில் தையல் ஆலைக்குப் போனதும் உங்களுக்குத் தெரிந்த கதை. வார இறுதிகளில் உங்களில் எத்தனையோ பேருடைய கல்யாண வீடுகளில் தந்தி இறக்கிய கிற்றாரோடு நின்றவள் நான்தான். ஒவ்வொரு முறையும் மேடையேற முதல் கால் நடுங்கியது. ஒரு முறைகூட இறங்கி ஓடவில்லை.

பூசைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கொன்சியேர்ஜ் எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த முறை கதவைத் தட்டினார். அம்மா அரிசி மூட்டையையும் கதிரையையும் இழுத்துவிட்டுத் திறந்தாள். அவர் கையில் திருப்புளி, ஒரு புதுத் தந்தி, தட்டின் ஓட்டைக்குள் வைக்கிற மஞ்சள் பிளாஸ்ரிக் வளையம். அந்த வளையம் பிறகு நாங்கள் ரொக்ஸ்பரோவுக்கு வீடு மாறியபோது தொலைந்துபோனது. நான் அழுதுகொண்டே உலகப்படப் புத்தகத்திலிருந்து கிழித்த அட்டையை எடுத்து நீட்டினேன். அவருக்கு என்னவென்று விளங்கவில்லை. அண்ணை வாங்கி வாசித்தான்.

"எடி விசரி. 'எடுங்கோ' எண்டெல்லே எழுதியிருக்கு."

வீடு வீடாகக் காவித் திரிந்து அலுத்து, கேட்க ஆளில்லை என்று அவரே நிலவறையில் வைத்த பெட்டியாம். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுப்பைப் பற்றிப் பயம் வரும்போது எடுத்துப் பார்ப்பேன்.

அவர் உடைந்த குமிழின் இரும்புக் குச்சியைத் திருப்புளியால் நெம்பித் தள்ளினார். காய்ந்த கரட்டைக் கழற்றி, முகர்ந்து பார்த்து, என்னைப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். மஞ்சள் வளையத்தை வைத்து நீலத்தட்டைப் போட்டார். முதல் தடவையாக அது தன் உண்மையான வேகத்தில் சுழன்றது. உயர்ந்த, பளிச்சென்ற, நெளிவேயில்லாத நாதம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

அம்மா யோசித்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கமகம் எங்க? பிள்ளை வாசிக்கிறது இதைவிடத் திறம் எண்டு அவருக்குச் சொல்லு."

அண்ணை தயங்கித் தயங்கிச் சொன்னான். அவர் தட்டைத் தூக்கி எடுத்தார். பிறகு ஓம் என்று தலையாட்டி, தானே குனிந்து குச்சியைப் பழைய இடத்துக்குத் தள்ளி, மஞ்சள் வளையத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

அம்மா சமையலறைக்குப் போனாள். பலகையில் கத்தி விழும் சத்தம் கேட்டது. கரட் வெட்டிக்கொண்டிருந்தாள்.